அத்தியாயம் 7: மாலை ஆறு மணிக்கு

கார்த்திகை முதல் தேதி விடியற்காலை நம் தெருக்களில் ஒரு மாற்றம் நடக்கிறது. முந்தின இரவு கடை மூடும்வரை டாஸ்மாக் வாசலில் நின்றவர், பச்சைத் தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு கோயில் வாசலில் நிற்கிறார். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. வீட்டில் பிள்ளைகள் பயமில்லாமல் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும், பலர் அன்று இரவே மறுபடி குடிக்கிறார்கள். சிலர் திரும்பி வரும் வழியிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

"மாலை போட்டா இருக்க முடியுதுல்ல? மத்த நாள்ல மட்டும் ஏன் முடியல? எல்லாம் திமிரு" என்று மனைவிமார் சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் திமிர் என்ற பதில் சரியில்லை.

அந்த ஒரு மண்டலத்தில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை பேர் சொல்லிக்கூட அழைக்காத தெரு, அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டது. விடியுமுன் எழ ஒரு காரணம் இருந்தது. மாலை ஆறு மணியானால் பஜனைக்குப் போக வேண்டும், அங்கே இவரைப் போலவே கறுப்பு கட்டிய இருபது பேர் காத்திருப்பார்கள். வீட்டில் நேரத்துக்குச் சோறு. பழைய கூட்டாளிகள்கூட 'வா, ஒரு கட்டிங் போடலாம்' என்று கூப்பிடவில்லை, மாலை போட்டவரைக் கூப்பிடுவது பாவம் என்று அவர்களே ஒதுங்கினார்கள். குருசாமி ஒருவர் இருந்தார், தடுமாறினால் போய்ச் சொல்ல. மாலையைக் கழற்றியபோது மணியோடு சேர்ந்து இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்று விழுந்தன. வெறும் மனிதராக, வெறும் சாயங்காலத்தோடு அவர் மறுபடி தெருவில் நின்றார்.

வீட்டிலிருந்தபடியே, ஊரின் துணையோடு குடியிலிருந்து மீள்வது என்று இந்த அத்தியாயம் சொல்வது, அந்த ஏற்பாடுகளை மாலை இல்லாமலும் தொடரச் செய்வதைத்தான். ரம்ஜான் நோன்பில் முப்பது நாள் இருந்து காட்டியவருக்கும், தவக்காலத்தில் நாற்பது நாள் இருந்தவருக்கும் இதே கணக்குதான்.

மருத்துவமனை எதற்கு, வீடு எதற்கு

குடிநோய்க்குச் சிகிச்சை என்றாலே நம் கண்ணில் தெரிவது பூட்டிய கதவுள்ள 'மறுவாழ்வு மையம்'. அது சிலருக்குத் தேவைதான். ஆனால் நாட்டில் அந்தக் கதவுவரை போகிறவர்கள் மிகக் குறைவு. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமையானவர்கள். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். சிகிச்சை அவர்களைத் தேடி வீட்டுப் பக்கம் வந்தால்தான் உண்டு.

இதைத் தமிழ்நாட்டில் முன்பே புரிந்துகொண்டவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். சென்னைக்கு வந்து தங்க முடியாத கிராமத்து ஆட்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த அமைப்பு கண்ட வழி, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம். இடத்தையும் சாப்பாட்டையும் உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஊருக்குப் போனார்கள். முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். இந்த அனுபவத்தை அவர் 1994இல் ஆய்விதழில் எழுதி உலகத்துக்குச் சொன்னார். குடித்தவர் திரும்பிப் போகும் ஊரே அவருக்குச் சிகிச்சை நடந்ததைப் பார்த்த ஊராக இருந்தது என்பதை அந்த முகாமின் பெரிய பலமாக நான் நினைக்கிறேன்.

கோவாவில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள், அளவு மீறிக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். அவர்கள் நோய் முற்றாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முற்றியவருக்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்து வேண்டும். ஏன் என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

தொடங்கும் முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தவர்கள் உண்டு. ஊரில் 'விரதத்தில் குறை, சாமி குத்தம்' என்று பேசுவார்கள். குற்றம் எதுவுமில்லை. இத்தனை வருடம் சாராயத்தோடு ஓடப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டுப்பாடின்றி ஓடுகிறது. அவ்வளவுதான்.

கடைசிக் குடியிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வேர்க்கும், வாந்தி வரும், படபடக்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார், மனைவியையே அடையாளம் தெரியாமல் பார்ப்பார். பேய், செய்வினை என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தை இழந்துவிடாதீர்கள். இது மருத்துவ அவசரம். 108ஐ அழையுங்கள்.

ஆகவே வீட்டில் தொடங்கலாமா, மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வரலாமா என்பதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், ரத்த வாந்தி எடுத்தவர், கர்ப்பிணி, முதியவர், இதயநோய் உள்ளவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவர், சாகப்போவதாகப் பேசுகிறவர், கூட இருந்து பார்க்க வீட்டில் ஆளில்லாதவர் ஆகியோர் முதல் வாரத்தை மருத்துவமனையில்தான் கழிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கவே ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறவரையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

மற்றவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு வெளிநோயாளியாகவே பார்த்து மருந்து தரும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதைக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். கேட்க வெட்கமாக இருக்கும். தெருவுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் ஐந்து நாள்

மருத்துவர் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க ஒரு மாத்திரையை எழுதி, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரத்துக்குள் நிறுத்தச் சொல்வார். அந்த மாத்திரையே பழக்கமாகக்கூடியது. அட்டையை நோயாளியிடம் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் கையில் வைத்து, வேளைக்கு வேளை தர வேண்டும். அதோடு குடித்துவிட்டால் மூச்சே நின்றுபோகலாம். அந்த வாரம் வண்டி ஓட்டக் கூடாது, சாரம் ஏறக் கூடாது. 'போன தடவை எழுதினதுதானே' என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தயமின் என்ற பி1 வைட்டமினை முதல் நாளே, பெரும்பாலும் ஊசியாகப் போடுவார்கள். நம் ஊரில் சோர்ந்து விழுந்தவரை அருகிலுள்ள கிளினிக்குக்குக் கொண்டுபோய் 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பது வழக்கம். நாள்படக் குடித்தவர் உடம்பில் தயமின் வறண்டிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடி, ஞாபகமே அழிந்துபோகக்கூடும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் 'இவர் தினமும் குடிப்பவர்' என்ற உண்மையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஒரு அறையை, அறை இல்லாவிட்டால் ஒரு மூலையை, அமைதியாக வைத்திருங்கள். மோர், கஞ்சி, பருப்புச் சாதம், முட்டை எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொடுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும், இருட்டு பயத்தைக் கூட்டும். பழைய கணக்குகளைத் தீர்க்க இது நேரமில்லை. 'பத்து வருஷமா என்னை என்ன பாடு படுத்தின' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு ஒரு நாள் வரும். நடுங்கும் கையோடு உட்கார்ந்திருப்பவரிடம் இப்போது வேண்டாம்.

சாம்பாரில் கலக்கும் மருந்து

'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று பேருந்து நிலையச் சுவரிலும் நோட்டீஸிலும் பார்த்திருப்பீர்கள். நொந்துபோன தாய்மாரும் மனைவிமாரும் நகையை அடகு வைத்து அந்தப் பொடியை வாங்குகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் வழக்கமும் உண்டு.

டைசல்ஃபிராம் உண்மையான மருந்து. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் அதன் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி பொங்கி, ரத்த அழுத்தம் இறங்கும். அந்தப் பயமே குடியைத் தள்ளி வைக்கும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கல்லீரலையும் இதயத்தையும் சோதித்தபின், தினமும் காலையில் மனைவியின் முன் விழுங்குகிறவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் கொடுத்தால், அவர் வழக்கம்போல் போய் முழு பாட்டில் குடித்து, மாரடைத்து விழக்கூடும். அப்படியொரு சாவு உங்கள் கையால் நடக்க வேண்டாம். உயிர் பிழைத்தாலும், 'என் சோத்துல மருந்து வச்சா' என்று தெரிந்த அன்றோடு அந்த வீட்டில் நம்பிக்கை செத்துப்போகும். அதன்பின் எந்தச் சிகிச்சைக்கும் அவர் வரமாட்டார்.

இந்த மாத்திரை எடுப்பவர் சில இருமல் டானிக்குகளையும், சாராயச் சத்து இயல்பாகவே ஊறியிருக்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களையும் தவிர்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகளும் இப்போது உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆறு மணி

உடம்பு ஒரு வாரத்தில் ஓரளவு தெளிந்துவிடும். வீட்டில் எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விடுவார்கள். வேலை உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆபத்தான நேரம் மாலை ஐந்தரையிலிருந்து எட்டுவரை. உடம்பு வலிக்கும், வயிறு காயும், கையில் கூலி இருக்கும், வீடு திரும்பும் வழியில் கடை இருக்கும், கூட வேலை செய்தவர்கள் அங்கேதான் போவார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று இருந்தாலே மனம் குடியை நாடும் என்று மீண்டவர்கள் சொல்வார்கள். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளிக்கு ஆறு மணிக்கு நான்கும் சேர்ந்தே வருகின்றன.

எனவே அவரோடு உட்கார்ந்து, ஒரு தாளில், அந்த இரண்டரை மணி நேரத்தை எழுதுங்கள். 'குடிக்க மாட்டேன்' என்று எழுத வேண்டாம், அது தாளில் நிற்காது. ஐந்தே காலுக்கு வேலையிடத்திலேயே வயிறு நிறைய ஏதாவது: நாலு இட்லி, சுண்டல், வாழைப்பழம், எதுவானாலும். நிறைந்த வயிறு குடியை அவ்வளவாகக் கேட்பதில்லை. இனிப்பு மேல் ஆசை வரும், கடலை மிட்டாய் இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். வரும் வழியை மாற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டர் சுற்று என்றாலும் கடை இல்லாத தெரு. முதல் ஒரு மாதம் யாராவது வண்டியில் கூட வந்தால் நல்லது. ஆறேகாலுக்கு வீட்டில் வெந்நீர்க் குளியல். 'உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்' என்பது பலருக்கு உண்மையும்கூட. அந்த வலிக்கு வெந்நீரும் தைலமும் வேண்டும், தீராவிட்டால் மருத்துவரிடம் அதையும் காட்ட வேண்டும். அதன்பிறகு ஏழரைவரை போவதற்கு ஒரு இடம் இருந்தாக வேண்டும். கோயில் பஜனை, பள்ளிவாசல், ஜெபக் கூட்டம், நூலகம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கபடி மைதானம், கூட்டுறவுச் சங்கத்துத் திண்ணை, ஆடு மாடு இருந்தால் தொழுவம். எதுவாக இருந்தாலும் அங்கே அவரை எதிர்பார்த்து ஓர் ஆள் இருக்க வேண்டும். வராவிட்டால் 'ஏண்ணே வரல?' என்று கேட்க ஆள் இல்லாத இடம், முதல் மழை நாளிலேயே விட்டுப்போகும்.

நான் அறிந்த ஒரு கொத்தனார், மாலையைக் கழற்றிய பிறகும் ஆறு மணிக்கு அதே பஜனை மடத்துக்குப் போய், பாடத் தெரியாததால் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தார். பெருக்க வந்தவரைப் பூசாரி தினமும் எதிர்பார்த்தார். அந்த விளக்குமாறுதான் அவரைத் தாங்கியது என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

குடிக்கத் தோன்றும் வேகம் அலைபோல எழும்பி, பெரும்பாலும் அரைமணிக்குள் தணியும். அந்த அரைமணிக்கு ஒரு போன் நம்பர் வேண்டும். எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அந்த நம்பருக்குப் பேச வேண்டும்.

சனிக்கிழமையைத் தனியாகச் சொல்லவேண்டும். வாரக் கூலி அன்றுதான். மேஸ்திரியிடம் பேசி, கூலியை மனைவியின் கணக்கில் போடச் சொல்லலாம், அல்லது ஞாயிறு காலையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த ஏற்பாட்டை அவரே மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் போய்ச் சொன்னால் அது மானக்கேடு, அந்தக் கோபமே ஒரு பாட்டிலுக்குக் காரணமாகும். அவர் பையில் டீக்கும் பெட்ரோலுக்கும் பணம் இருக்கட்டும். ஒற்றை ரூபாய்க்குக் கை நீட்டவைப்பதும் ஆபத்துதான்.

கல்யாணம், கோயில் கொடை, துக்க வீடு இவற்றைத் தவிர்க்க முடியாது. முதல் மூன்று மாதம் முடிந்தவரை மனைவியோடோ குடிக்காத மச்சானோடோ போய், முகம் காட்டிவிட்டுத் திரும்பட்டும். துக்க வீட்டில் எடுத்ததும் கிளம்பிவிடலாம், சுடுகாட்டுக்குப் போய் வந்தபின் நடக்கும் கூட்டத்தில் நிற்க வேண்டாம். வற்புறுத்துகிறவர்களிடம் விளக்கம் எதற்கு? "மாத்திரை சாப்பிடுறேன் மாமா, குடிச்சா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு." நம் ஊரில் டாக்டர் பேரைச் சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வாயை ஊதச் சொல்லாதீர்கள். சட்டைப் பையைத் துழாவாதீர்கள். வீடு காவல் நிலையமானால் அவர் கைதியாகத்தான் இருப்பார், கைதிக்குத் தப்பிக்கும் ஆசை வரும். பிள்ளைகளை 'அப்பா எங்க போறாருன்னு பார்த்துட்டு வா' என்று அனுப்பாதீர்கள். குடித்திருக்கும்போது எதையும் பேசாதீர்கள், காதில் ஏறாது. காலையில், குளித்துச் சாப்பிட்டபின், நேற்று நடந்தது இது என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குடித்துப் படுத்திருப்பவருக்காக 'காய்ச்சல்' என்று முதலாளிக்குப் போன் செய்வதை நிறுத்துங்கள். பாரில் வைத்த கடனை நீங்கள் அடைக்காதீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் குடியின் விலையை அவர் உணராமல் நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடிக்கிறாரா? அப்படியானால் வீட்டிலிருந்தபடியே என்ற பேச்சு உங்களுக்கு இல்லை. அவர் மீளும்வரை நீங்களும் பிள்ளைகளும் அடி வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சிகிச்சையும் கேட்பதில்லை. தாய்வீட்டுக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்து என்றால் 112.

பூட்டி வைக்கும் தனியார் மையம் ஒன்றைத் தேட வேண்டி வந்தால், 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். மதுவாலும் போதையாலும் வரும் மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மையம் அரசு மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. வீட்டார் நேரில் பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

தன்னைப் போல் ஒருவர்

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், சந்தித்துப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. தமிழ்நாட்டு ஊர்களிலும் ஒரு தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார். நாள் முழுவதும் தலைகுனிந்து கிடந்தவர், தன் கதையை இன்னொருவர் வாயால் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவராலும் மனைவியாலும் தர முடியாதது அது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. ஆயுசுக்கும் விட வேண்டும் என்று நினைத்து மலைத்துப்போகிறவருக்கு அந்தக் கணக்கு தாங்கக்கூடியதாக இருக்கிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு.

உங்கள் ஊரில் கூட்டம் இல்லாவிட்டால், குடியை விட்டு ஒரு வருடமாவது ஆன ஒருவரைத் தேடுங்கள். எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அந்த அரைமணி அலைக்கு வேண்டிய போன் நம்பர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அவரோடு வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், மருந்துக்கு செவிலியரோ மருத்துவரோ ஒருவர். நான்கு பேர் போதும். நான்கு பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், அவருடைய சம்மதத்தோடு.

சறுக்கினால்

பலர் சறுக்குவார்கள். நாற்பதாவது நாளோ, எட்டாவது மாதமோ. ஒரு நாள் குடித்ததும் 'போச்சு, எல்லாம் போச்சு' என்று மனம் சொல்லும். அந்தச் சொல்தான் அடுத்த பத்து நாளையும் குடிக்க வைக்கிறது. மறுநாள் காலையிலேயே நால்வரில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், வீட்டார் அதை வைத்துக் குத்திக்காட்டக் கூடாது. எந்த நேரம், எந்த இடம், யார் கூட என்று தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆறு மணிக் கட்டத்தில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கும். பஜனை மடம் பூட்டியிருக்கும், கூட வந்தவர் வெளியூர் போயிருப்பார், சனிக்கிழமை முழுக் கூலியும் கைக்கு வந்திருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு அன்றைக்கே தொடருங்கள்.

பல நாள் விடாமல் குடித்துவிட்டால் மட்டும் மறுபடி மருத்துவரிடமே தொடங்க வேண்டும். நிறுத்தி நிறுத்திக் குடிப்பவருக்கு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முன்பைவிட மோசமாகக்கூடும்.

தூக்கம் சரியாக இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். எரிச்சல் இருக்கும். ஒரு வருடம்வரை மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதை விடாதீர்கள். முதல் வருடத்தில் பெரிய கடன், வீடு கட்டுவது, மகள் கல்யாணம் போன்றவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

இந்த அத்தியாயத்தை நீங்கள் காலையில் படித்துக்கொண்டிருந்தால், முழுதும் செய்ய இன்றே முடியாது. ஒன்றை மட்டும் செய்யுங்கள். அவர் தெளிவாக இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஆறு மணிக்கு நாம எங்க இருக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்கு நீங்களும் கூடப் போங்கள்.